விரல் உயரும் முன்

சென்னை அபிராமபுரத்தின் குறுக்குத் தெருக்களில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டுக்குச் சட்டப் புத்தகம் கிடையாது; சட்டங்கள் மட்டும் ஏராளம். பந்து காம்பவுண்டுக்குள் நேராகப் போய் விழுந்தால் அவுட், ஒரு பிட்ச் கேட்ச் அவுட், காரில் பட்டால் ஆட்டமே முடிந்தது. எல்.பி.டபிள்யூ. மட்டும் அநேகமாக எந்தத் தெருவிலும் கிடையாது. மந்தைவெளியிலும் தி.நகரிலும்கூட இதே கதைதான். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தெரு ஆட்டத்தில் அம்பயராக நிற்பவன் பேட்டிங் அணிக்காரன், தன் முறை வரும்வரை சும்மா நிற்பானேன் என்று நிறுத்தப்பட்டவன். கேட்சும் ரன் அவுட்டும் பத்துப் பேர் கண்ணுக்குத் தெரிபவை; அவற்றில் அவன் ஓரவஞ்சனை செய்தால் அடுத்த நிமிடமே சண்டை. எல்.பி.டபிள்யூ. அப்படியல்ல. அது ஒரே ஒரு ஆளின் கண்ணுக்கு, அவர் சரியான இடத்தில் நின்றால் மட்டும், தெரிகிற விஷயம். அந்த ஒருவரை நம்ப முடியாத இடத்தில் அந்த அவுட்டையே ரத்து செய்துவிடுவதுதான் நியாயம் என்று பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு தீர்ப்புக்குப் பின்னால் பார்க்கும் இடம், பார்த்ததை எடைபோடும் நேரம், அதை ஊரறியச் சொல்லும் விதம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மைதானத்தில் நாம் காண்பது மூன்றாவதை மட்டுமே, அதாவது கையை. அந்தக் கை முதல் இரண்டையும் மிஞ்சிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு விளையாட்டு வரலாற்றில் சாட்சியங்கள் நிறைய. கண் கண்டதற்கு மேல் கை ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பதுதான் நடுவர் கலையின் மொத்தச் சாரமும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேரிலபோன் கிரிக்கெட் கிளப் (எம்.சி.சி.) வெளியிடும் கிரிக்கெட் சட்டங்களில் இரண்டாம் சட்டம் முழுக்க நடுவர்களைப் பற்றியது. அதில் சைகைகள் இரண்டு கூட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பந்து உயிரோடு இருக்கும்போதே காட்ட வேண்டியவை நான்கு: டெட் பால், நோ-பால், அவுட், வைட். மற்றவை எல்லாம் பந்து செத்த பிறகு ஸ்கோரருக்காகக் காட்டுபவை. பவுண்டரிக்குக் கையை இடமும் வலமும் வீசி மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்துவது, சிக்ஸருக்கு இரு கையையும் தலைக்கு மேல் தூக்குவது, பைக்கு விரித்த உள்ளங்கை, லெக் பைக்கு மடக்கித் தூக்கிய முழங்காலைத் தொடுவது என்று தொலைக்காட்சி பார்க்கிற எந்தக் குழந்தையும் செய்துகாட்டும். பலருக்குத் தெரியாத சேதி வேறு. உயிருள்ள பந்தில் காட்டிய சைகைகளை, அவுட்டைத் தவிர, பந்து செத்த பிறகு ஸ்கோரரைப் பார்த்து மறுபடியும் காட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்கோரர் தனித்தனியாக ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த பந்துக்கு அனுமதி தர வேண்டும். சேப்பாக்கத்தில் விளக்கு எரியும். லீக் மைதானத்து மேசையில் ஒரு கை உயரும். சொன்னால் போதாது, போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்கச் சொல்கிறது சட்டம். இன்னொரு சைகை இதைவிடச் சுவையானது. இரண்டு கைகளையும் குறுக்காக வைத்து எதிரெதிர்த் தோள்களைத் தொட்டால், கடைசியாகக் காட்டிய சைகையை நடுவர் திரும்பப் பெற்றுக்கொள்கிறார் என்று பொருள். எந்த முடிவையும் உடனடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டமே இடம் தருகிறது. நடுவர் தவறு செய்வார் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்கும் ஓர் அபிநயம் வைத்திருக்கும் சட்டம் இது.

இத்தனை கட்டுப்பாடும் எதற்கு? கூட்டத்துக்கும் ஸ்கோரருக்கும் தகவல் சொல்வதற்கு என்பது பாதி விடை. மீதிப் பாதி மயிலாப்பூர் சபாக்களுக்குப் போகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். பாடகர் தொடையில் போடும் தாளம் கேட்பவருக்குக் கணக்கைக் காட்டுகிறது. அதே அடி பாடுகிறவரையும் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. நடுவரின் கையும் அதே மாதிரி இரண்டு வேலை பார்க்கிறது. வைட் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து பேட்ஸ்மேனின் ஸ்டம்புகளைத் தாண்டும் முன் வைட் என்று சொல்லக் கூடாது என்பது விதி. கை காத்திருந்தாக வேண்டும் என்பதால் கண்ணும் கடைசிவரை பந்தோடு போயாக வேண்டியிருக்கிறது. நாட் அவுட்டுக்குச் சைகையே கிடையாது என்பதையும் கவனிக்கலாம். தலையை ஆட்டுவதும் உதட்டைப் பிதுக்குவதும் சில நடுவர்களின் சொந்தச் சரக்கு. சட்டம் கேட்பது வாயால் ‘நாட் அவுட்’ என்று சொல்வதை மட்டும். ஆட்டம் தொடர்வதுதான் இயல்பு நிலை, அதைக் கலைப்பதற்குத்தான் கை தேவை என்பது இதன் பின்னாலிருக்கும் எண்ணம். அதனால்தான் எதிரணி ‘ஹவ் ஈஸ் தட்’ என்று கேட்காமல் நடுவர் யாரையும் அவுட் கொடுக்கவும் முடியாது.

கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல நடுவரையும் சுமாரான நடுவரையும் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் கால்தான். பந்து அடிக்கப்பட்டதும் பவுலர் பக்கத்து நடுவர், பந்து போன பக்கமாக ஒதுங்கி ஓடி, க்ரீஸ் கோட்டுக்கு நேராகப் போய் நிற்க முயல்வார். அங்கிருந்து பார்த்தால்தான் மட்டையின் நுனி, கோடு, பெயில்ஸ் மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும். ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் மட்டை எவ்வளவு தூரம் வந்தது என்று தெரியாது; ஊகிக்கத்தான் முடியும். நோ-பாலில் இதைவிடக் கஷ்டமான வேலை. பவுலரின் முன்கால் விழும் இடத்தை முதலில் பார்த்துவிட்டு உடனே பார்வையை எதிர்முனைக்குத் தூக்க வேண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிகூட ஆகாது. அந்த அரை விநாடிக்குள் தரையிலிருந்து பார்வையை எடுத்து, பந்தைப் பிடித்து, அது எங்கே குத்தியது, எதில் பட்டது, எங்கே போயிருக்கும் என்று கணிக்க வேண்டும். ஒரே மனிதனிடம் இரண்டு கண்ணும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் வேலை.

பேஸ்பால் நம் ஊரில் அதிகம் ஆடப்படாத ஆட்டம்தான். இருந்தாலும் இந்தக் கலையை அமெரிக்கர்கள் வளர்த்திருக்கும் விதம் பார்க்கத் தக்கது. அங்கே பந்து எறிபவரை எதிர்கொள்ளும் நடுவர், பந்தைப் பிடிக்கும் ‘கேட்சர்’ முதுகுக்குப் பின்னால், அவருக்கும் மட்டையாளருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் குனிந்து உட்காருகிறார். அவர் தலை அசைந்தால் மட்டையாளரின் முழங்காலிலிருந்து மார்புவரை நீளும் அந்தக் கற்பனைக் கட்டமும் அசைந்துவிடும் என்பதால் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பந்தைத் தொடரப் பழக்குகிறார்கள். முதல் பேஸில் நிற்கும் நடுவருக்குச் சொல்லித்தருவது இன்னும் நுட்பம். ஓடிவருபவரின் கால் பேஸைத் தொடுவதையும் பந்து கையுறைக்குள் விழுவதையும் ஒருசேரப் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. எனவே காலைக் கண்ணால் பார், பந்தைக் காதால் கேள் என்கிறார்கள். கையுறையில் விழும் சத்தம் முந்தினால் அவுட், கால் முந்தினால் தப்பித்தார். கிட்டே போவதைவிடச் சரியான கோணத்தில் நிற்பது முக்கியம் என்பதும் அங்கே பாலபாடம். இதெல்லாம் முடிந்த பிறகே கை. மடக்கிய வலது முஷ்டி உயர்ந்தால் அவுட். இரண்டு கையையும் பக்கவாட்டில் உள்ளங்கை கீழே பார்க்க விரித்தால் ‘சேஃப்’. கட்டத்துக்குள் வந்த ‘ஸ்ட்ரைக்’ பந்துக்குக் கையும் குரலும் உண்டு, வெளியே போன ‘பால்’ பந்துக்குக் குரல் மட்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே போன பந்துக்கு இரு கையையும் தூக்கி உரக்கக் கத்துவார். உள்ளே விழுந்த பந்துக்கோ ஆடுகளத்தை நோக்கிக் கையை நீட்டுவதோடு சரி, வாயே திறக்க மாட்டார். உள்ளே விழுந்தால் ஆட்டம் தொடர்கிறது. அப்போது நடுவர் கத்தினால் ஆட்டக்காரர்கள் ஏதோ முடிந்துவிட்டது என்று நின்றுவிடக்கூடும். எப்போது குரல், எப்போது மௌனம் என்பதுகூட ஆட்டத்தின் ஓட்டத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சைகைகளின் பிறப்பைப் பற்றி அமெரிக்காவில் ஓர் அழகான கதை உண்டு. வில்லியம் ஹோய் என்ற காது கேளாத ஆட்டக்காரர் 1888இல் முதல்தர லீக்கில் ஆட வந்தார். அவருக்காகத்தான் நடுவர்கள் கையால் காட்டத் தொடங்கினார்கள் என்பது அந்தக் கதை. ஆனால் நடுவர்கள் கைச் சைகையை வழக்கமாக்கிக்கொண்டது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில். பேஸ்பால் புகழ்க் கூடத்தில் 1953இல் இடம்பெற்ற பில் க்ளெம் என்ற நடுவரின் நினைவுப் பலகையோ, சைகைகளை அறிமுகப்படுத்திய பெருமையை அவருக்குக் கொடுக்கிறது. உரிமை கோருபவர்கள் இன்னும் சிலரும் உண்டு. என் பார்வையில் யார் முதலில் என்பதைவிட ஏன் அப்போது என்பதே பயனுள்ள கேள்வி. கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகி, நடுவரின் குரல் கடைசி வரிசைக்கு எட்டாமல் போன காலம் அது. கை அங்கே குரலின் நீட்சியாக வந்தது. வந்த பிறகு, குரலைப் போலக் காற்றில் கரையாமல் எல்லோர் கண்ணிலும் பதிந்துபோனது. பதிந்ததால் பொறுப்பும் கூடியது.

சென்னைக்காரர்களுக்கு அந்தப் பொறுப்பின் எடை எவ்வளவு என்று 1986 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. சேப்பாக்கத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டின் ஐந்தாம் நாள். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தியெடுத்தபடி 210 ரன் அடித்த அதே ஆட்டம். இந்தியாவின் இலக்கு 348. கடைசி ஓவரை கிரெக் மேத்யூஸ் வீச, ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்துக் கணக்கைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போனார். ஓவரின் ஐந்தாவது பந்து மணீந்தர் சிங்கின் காலில் பட்டது. நடுவர் வி. விக்ரம்ராஜுவின் விரல் உடனே உயர்ந்தது. 347க்கு ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணீந்தர் சொல்ல, இல்லை என்று மற்றவர்கள் சொல்ல, வாக்குவாதம் நாற்பது ஆண்டாகியும் ஓயவில்லை. விக்ரம்ராஜு அதன் பிறகு எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. அவர் முடிவு சரியா தவறா என்று தீர்க்க இன்று நம்மிடம் வழியில்லை. அது என் வாதத்துக்குத் தேவையும் இல்லை. கவனிக்க வேண்டியது, அந்த முடிவைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் பந்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு விரலின் வேகத்தைப் பற்றியும் பேசினார்கள் என்பது. அதே விரல் இரண்டு விநாடி பொறுத்து எழுந்திருந்தால் பந்தும் மட்டையும் மாறியிருக்கப் போவதில்லை. ஆனால் நடுவர் தன் மனத்துக்குள் அந்தப் பந்தை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார் என்று அரங்கில் இருந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

பொறுமை நாடகமல்ல, அது வேலையின் ஒரு பகுதி என்பதற்குப் பல நடுவர்களின் பழக்கமே சாட்சி. ஜமைக்காவின் ஸ்டீவ் பக்னர் 128 டெஸ்டுகளில் நின்றவர். விரலைத் தூக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு ‘மெதுவான மரணம்’ என்று பெயரே வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ரூடி கர்ட்ஸனும் அதே ஜாதி. முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்து வைத்துக்கொள்வதால் விரல் மேலே வர நேரம் பிடிக்கிறது என்று அவர் விளக்கியிருக்கிறார். அவசரத்தைத் தடுக்க மனதை நம்பாமல் உடம்பிலேயே ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட புத்திசாலித்தனம் அது. பேஸ்பாலிலும் பயிற்சியாளர்கள் வலியுறுத்துவது இதைத்தான்: பார்த்ததும் சொல்லாதே, பார்த்து முடித்த பிறகு சொல்.

இந்த வகை நிதானத்துக்குச் சென்னை தந்த பெயர் எஸ். வெங்கடராகவன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 57 டெஸ்டுகளில் 156 விக்கெட் எடுத்த ஆஃப் ஸ்பின்னர், 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவின் கேப்டன். 1993 ஜனவரியில் சர்வதேச நடுவராக நிற்கத் தொடங்கி 2004இல் ஓய்வு பெறும் முன் 73 டெஸ்டுகளுக்கு நடுவராக இருந்தார், 2002இல் ஐ.சி.சி. அமைத்த எலைட் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியர். அவர் வந்த காலமும் முக்கியம். நடுவர்கள் உள்ளூர் அணிக்குச் சாதகமாக விரலைத் தூக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எல்லா நாட்டிலும் இருந்தது. 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தான்-மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டுக்கு வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பார்த்தார்கள். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவராவது மூன்றாம் நாட்டு நடுவராக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. அபிராமபுரத்துப் பிள்ளைகள் எல்.பி.டபிள்யூ.வை நீக்கித் தீர்த்துக்கொண்ட சிக்கலை, உலகக் கிரிக்கெட் ஆளை மாற்றித் தீர்த்துக்கொண்டது. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில், எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தலா 213 எடுத்து டை ஆன ஆட்டத்தில் நின்றவர்கள் இங்கிலாந்தின் டேவிட் ஷெப்பர்டும் வெங்கடராகவனும். அவ்வளவு பெரிய ஆட்டம், கடைசி ரன் அவுட்டின் குழப்பம், எல்லாம் இருந்தும் அந்த முடிவைப் பற்றி இன்றுவரை பேசுகிறவர்கள் கடைசி ஜோடியான ஆலன் டொனால்டையும் லான்ஸ் க்ளூஸ்னரையும்தான் பேசுகிறார்கள். நடுவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு எது?

கை கண்ணை மிஞ்சிய கதைகளில் தமிழர்களை நேரடியாகத் தொட்டது மெல்போர்னில் நடந்தது. 1995 டிசம்பர் 26, ஆஸ்திரேலியா-இலங்கை டெஸ்டின் முதல் நாள். கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன் பந்து வீச, பவுலர் முனையில் நின்ற டாரல் ஹேர் அவரை ஏழு முறை நோ-பால் என்றார். முன்கால் கோட்டைத் தாண்டினாலும் கை பக்கவாட்டில் நீளும், பந்தை எறிந்தாலும் அதே கைதான் நீளும். முதலில் எதற்காக நோ-பால் என்பதே பலருக்குப் புரியவில்லை. கால் குற்றம் ஒரு ரன்னோடு போகும். எறிகிறார் என்பதோ ஒரு மனிதரின் தொழிலையே முடித்துவைக்கும் குற்றச்சாட்டு. இரண்டுக்கும் ஒரே சைகை. இடத்தையும் பார்க்க வேண்டும். முழங்கை விரிகிறதா என்று பார்ப்பதற்கு வழக்கமாக வசதியான இடம் ஸ்கொயர் லெக். அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒருமுறைகூடக் கை நீட்டவில்லை. கேப்டன் அர்ஜுன ரணதுங்கா முரளியை முனை மாற்றி டன் நின்ற பக்கத்திலிருந்து வீசவைத்தார். அங்கிருந்து வீசியபோது ஒரு நோ-பாலும் இல்லை. இருவருக்கும் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது உண்மை. ஹேர் தன் கண்ணை நம்பித்தான் சொன்னார் என்பதையும் மறுக்க வேண்டாம். பிறவியிலேயே முழுக்க நிமிராத முழங்கையும் சுழலும் மணிக்கட்டும் சேர்ந்த ஓர் அசைவில் எத்தனை டிகிரி விரிகிறது என்பது எங்கே நின்றாலும் வெறுங்கண்ணுக்கு அகப்படாத விஷயம் என்பதுதான் பிரச்சினை. உலகக் கிரிக்கெட் கடைசியில் அதை ஒத்துக்கொண்டது. 2005 முதல் 15 டிகிரிவரை விரியலாம் என்று வரம்பு வந்தது. சந்தேகம் வந்தால் ஆட்டத்துக்குப் பிறகு புகார், பிறகு ஆய்வுக்கூடம். அப்படி ஐ.சி.சி. அங்கீகரித்த கூடங்களில் ஒன்று நம் போரூர் ராமச்சந்திராவில் இருக்கிறது. மெல்போர்னில் ஒரு கை ஏழு முறை நீண்டு சொல்ல முயன்றதை இன்று போரூரில் உடம்பில் ஒட்டிய குறிகளும் கேமராக்களும் அளந்து சொல்கின்றன. முரளி 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார்.

இதே பாடத்தைக் கிரிக்கெட் இன்னொரு முறை, சற்று மெதுவாக, படித்தது. சந்தேகமான கேட்ச்சை மூன்றாம் நடுவருக்கு அனுப்பும்போது, மைதான நடுவர் தன் ஊகம் அவுட்டா இல்லையா என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். ‘சாஃப்ட் சிக்னல்’ என்று பெயர். 2021 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் சூர்யகுமார் யாதவ் அடித்த பந்தை எல்லையருகே டேவிட் மலான் பிடித்தார். பந்து தரையைத் தொட்டதா என்பது கேள்வி. மைதான நடுவரின் ஊகம் அவுட். மறுஒளிபரப்பில் தரையைத் தொட்டது போலவே பலருக்குத் தெரிந்தாலும், அந்த ஊகத்தை மாற்றப் போதுமான ஆதாரம் இல்லை என்று அவுட் நின்றுவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து புல்லுக்கும் பந்துக்கும் இடையே விரல் இருந்ததா என்று எந்த மனிதருக்குத் தெரியும்? தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டச் சொன்ன சைகை அது. ஐ.பி.எல். அதே ஆண்டு அதைக் கைவிட்டது. 2023 ஜூனில் ஐ.சி.சி.யும் எடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் பிறந்திருக்கவே கூடாத விதி.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கண்ணுக்கு எட்டாததை எல்லாம் கேமராவிடம் கொடுத்துவிட்டோம் என்றால், நடுவரின் கைக்கு என்ன வேலை, எல்லாவற்றையும் இயந்திரமே சொல்லட்டுமே என்று. அதற்குச் சாதகமான சாட்சியும் தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. வெங்கடராகவனுக்குப் பிறகு எலைட் குழுவுக்குப் போன எஸ். ரவி, 2019 மார்ச் 28 அன்று பெங்களூரில் ஐ.பி.எல். ஆட்டமொன்றில் நின்றார். கடைசிப் பந்தில் பெங்களூருக்கு ஏழு ரன் தேவை. லசித் மலிங்காவின் கால் கோட்டைத் தெளிவாகத் தாண்டியிருந்தது, நோ-பால் கொடுக்கப்படவில்லை. மும்பை ஆறு ரன்னில் வென்றது. அரங்கின் பெரிய திரையில் அந்தக் காலை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், பார்க்க வேண்டியவரைத் தவிர. அந்த ஆண்டு டிசம்பரில் முன்கால் நோ-பாலைத் தொலைக்காட்சி நடுவரே கவனிக்கும் சோதனை தொடங்கியது, 2020 முதல் ஐ.பி.எல்.லிலும் வந்தது. நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு சொன்ன அரை விநாடிச் சிக்கலில் பாதியை அது நடுவரின் தோளிலிருந்து இறக்கிவிட்டது. அவர் இப்போது பந்தை மட்டும் பார்க்கலாம். கைக்கு வேலை குறையவில்லை. கண்ணின் சுமை குறைந்ததால், கை சொல்வதில் நம்பகம் கூடியது.

எல்.பி.டபிள்யூ.வில் இயந்திரம் கடைசி வார்த்தை சொல்வதில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. மைதான முடிவை மறுபரிசீலனைக்குக் கேட்கும் டி.ஆர்.எஸ். முறை 2008 ஜூலையில் கொழும்பில் இந்தியா-இலங்கை டெஸ்டில் சோதிக்கப்பட்டது. பந்து ஸ்டம்பை உரசிக்கொண்டு போகும் என்று கணிப்பு வந்தால், மைதான நடுவர் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். ஒரே மாதிரியான இரண்டு பந்து, ஒன்றில் அவுட், ஒன்றில் இல்லை, இது என்ன நியாயம் என்று ரசிகர்கள் கோபப்படுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் காலில் பட்டு நின்ற பந்து மேலே எங்கே போயிருக்கும் என்பது யாரும் பார்க்காத ஒன்று. இயந்திரமும் கணிக்கத்தான் செய்கிறது, கணிப்புக்கு ஒரு பிழை வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் விழுந்தால், அந்த இடத்தில் நின்று முழுப் பந்தையும் பார்த்தவரின் முடிவுக்கு மதிப்புக் கொடுப்பது இயந்திரத்தின் அடக்கம். அமெரிக்கப் பேஸ்பாலும் இதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 2026 முதல் பெரிய லீக்கில் ஸ்ட்ரைக் கட்டத்தைக் கேமராக்கள் அளக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு பந்தையும் முதலில் சொல்பவர் நடுவர்தான். மட்டையாளரோ, எறிபவரோ, பிடிப்பவரோ தலையைத் தட்டி ஆட்சேபித்தால் மட்டும் இயந்திரம் பேசும். ஓர் அணிக்கு இரண்டு ஆட்சேபம், ஜெயித்தால் அது தீராது. 2010 ஜூன் 2இல் டெட்ராய்டில் ஜிம் ஜாய்ஸ் என்ற நல்ல நடுவர் கடைசி ஆளுக்குத் தவறாக ‘சேஃப்’ காட்டி, எதிரணியில் ஒருவரையும் பேஸை எட்டவிடாத அர்மாண்டோ கலராகாவின் ‘குறையற்ற ஆட்டத்தை’க் கெடுத்தபோது மறுபரிசீலனைக்கு வழியே இல்லை. ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்த ஜாய்ஸ் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இப்போது வழி இருக்கிறது, கையும் இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் லேசானது, பதிலும் லேசாக இருக்கட்டும். இதெல்லாம் வெறும் நாடகம், நடுவர்கள் கவனம் ஈர்க்கக் கையை ஆட்டுகிறார்கள் என்பது. நியூசிலாந்தின் பில்லி பவுடனைப் பார்த்தால் அப்படித் தோன்றலாம்தான். அவருடைய வளைந்த விரலுக்கு முடக்குவாதம் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. பவுண்டரிக்கு அவர் போட்ட ஆட்டத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஷெப்பர்ட் ஸ்கோர் 111 ஆனதும் ஒற்றைக் காலில் குதிப்பார். இவை யாருக்கும் தீங்கு செய்யவில்லை, ஏனென்றால் பவுண்டரி பவுண்டரிதான் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. தெரிந்த சேதியை அலங்கரித்துச் சொல்லலாம். தெரியாத சேதியை அலங்கரித்தால்தான் ஆபத்து.

ஆடம்பரமே இல்லாத ஒரு சின்னச் சைகை ஆட்டத்தையே மாற்றிய கதையும் உண்டு. கையை மடக்கி விரல் நுனியால் அதே பக்கத்துத் தோளைத் தொட்டால் ஷார்ட் ரன், அதாவது ஓடியவர் கோட்டைத் தொடவில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று துபாயில் டெல்லிக்கு எதிராகப் பஞ்சாபின் கிறிஸ் ஜோர்டன் ஓடிய ஒரு ரன்னுக்கு ஸ்கொயர் லெக்கில் நின்ற நிதின் மேனன் தோளைத் தொட்டார். மட்டை கோட்டைத் தாண்டியதைக் கேமரா காட்டியது. ஆட்டம் டை ஆகி, சூப்பர் ஓவரில் பஞ்சாப் தோற்றது. கோட்டுக்கு நேராக நின்றவரே தவறவிட்ட இடத்தில், மூன்றாம் நடுவர் தலையிட அப்போது விதி இல்லை. அத்தனை கேமராக்கள் இருந்த மைதானத்திலேயே அன்றைக்கு அந்த ஒரு கோட்டை ஒரு ஜோடிக் கண்தான் காத்தது.

சென்னையில் வாரந்தோறும் நடக்கும் லீக் ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் கேமராவே கிடையாது. இரண்டு நடுவர், இரண்டு ஸ்கோரர், பையில் பந்தெண்ணும் ஒரு சின்னக் கருவி, அவ்வளவுதான். அங்கே ரிவ்யூ என்ற பேச்சுக்கே இடமில்லை; தோளைக் குறுக்காகத் தொட்டுச் சைகையைத் திரும்பப் பெறும் அந்தப் பழைய விதி மட்டும் இருக்கிறது, அதையும் உடனடியாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடித்து வரும் புது நடுவருக்கு சைகைகள் ஒரு மாலையில் மனப்பாடமாகிவிடும். பந்து அடிபட்டதும் எந்தப் பக்கம் ஓடுவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் கையைக் கீழேயே வைத்திருப்பது என்பதற்குத்தான் பல சீசன் பிடிக்கிறது.